கப்பல் கரையைத் தொட்டும் இறங்க முடியாதவர்கள்: சக்கர நாற்காலிப் பயணிகளுக்குத் துறைமுகச் சுற்றுலா எவ்வளவு சாத்தியம்?

ஜீவனஹள்ளி (பெங்களூரு): சொகுசு கப்பல் பயணம் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மிகவும் ஏற்ற சுற்றுலா என்று பயண முகவர்கள் கூறுவது வழக்கம். பெட்டியை ஒருமுறை திறந்து வைத்தால் போதும். அறை, உணவகம், கலையரங்கம் அனைத்தையும் மின்தூக்கியிலேயே சென்றடையலாம். ஊர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை, கப்பலே ஒவ்வோர் ஊராக அழைத்துச் செல்லும். இதில் பெருமளவு உண்மை இருக்கிறது. ஆனால், கப்பல் ஒரு துறைமுகத்தில் நின்று, உடன் வந்தோர் ஊர் பார்க்க இறங்கும் காலை வேளையில், முழுக் கட்டணம் செலுத்திய சக்கர நாற்காலிப் பயணி மேல்தளத்திலிருந்து கரையைப் பார்த்தபடி அமர்ந்திருக்க நேர்வதும் உண்மையே.

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு இப்போது அவசரம் கூடியுள்ளது. மத்திய துறைமுகங்கள், கப்பல் மற்றும் நீர்வழிப் போக்குவரத்து அமைச்சகம் 2024 செப்டம்பர் 30 அன்று மும்பையில் 'குரூஸ் பாரத் இயக்கம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. கப்பல் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையை 2029-க்குள் இரட்டிப்பாக்குவதும், 10 கடல்வழி முனையங்களை உருவாக்குவதும் அதன் இலக்குகளில் அடங்கும். முனையங்கள் கட்டப்படும் காலத்தில் ஒரு சாய்தளத்தைச் சேர்ப்பது எளிது. கட்டி முடித்த பிறகு படிக்கட்டை இடித்துச் சாய்தளம் அமைப்பது எவ்வளவு கடினம் என்பதை நமது ரயில் நிலையங்களே காட்டுகின்றன.

ஜீவனஹள்ளிக்கு அருகில் கடல் இல்லை. பெங்களூரு கிழக்கு ரயில் நிலையத்தை ஒட்டிய, தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் இப்பகுதியிலிருந்து சென்னைத் துறைமுகமும் புதிய மங்களூரு துறைமுகமும் சாலை வழியே ஏறத்தாழ 350 கி.மீ. தொலைவில் உள்ளன. ஆயினும், மாற்றுத்திறனாளிகள் இயக்க வரலாற்றில் இவ்வட்டாரத்திற்கு ஓர் இடம் உண்டு. மாற்றுத்திறனாளியான என்.எஸ். ஹேமா 1959-ல் தொடங்கிய மாற்றுத்திறனாளிகள் சங்கம் (ஏ.பி.டி.) அருகிலுள்ள லிங்கராஜபுரத்திலிருந்து இயங்கி வருகிறது. இப்பகுதியில் வாழும் சக்கர நாற்காலிப் பயனாளி ஒருவர் கடல் சுற்றுலா செல்ல விரும்பினால், அவர் கடக்க வேண்டிய தடைகள் எவை? எந்தத் துறைமுகத்தில் அவரால் உண்மையில் ஊர் பார்க்க இயலும்?

கப்பலுக்குள் என்ன நிலை?

முதலில் கப்பலைப் பார்த்துவிடலாம், ஏனெனில் அங்கு சிக்கல் குறைவு. பெரிய சொகுசு கப்பல்கள் அனைத்திலும் மின்தூக்கிகள் உள்ளன. சக்கர நாற்காலிக்கென வடிவமைத்த அறைகளில் அகன்ற கதவும், தடுப்புப்படி இல்லாத குளியலறையும், கைப்பிடிகளும் இருக்கும். இத்தகைய அறைகள் ஒவ்வொரு கப்பலிலும் மிகக் குறைவு என்பதே குறை. சாதாரண அறையின் கதவு பெரும்பாலும் 60 செ.மீ. அளவிலோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். பெரியவர்களுக்கான சக்கர நாற்காலியோ 60 முதல் 70 செ.மீ. அகலம் கொண்டது. அவசர காலத்தில் வழி மறிக்கும் என்பதால் நாற்காலியை நடைக்கூடத்தில் நிறுத்தி வைக்கக் கப்பல் நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. ஆகவே, தகுந்த அறை கிடைக்காவிட்டால் மடக்கும் நாற்காலி ஒன்றே வழி.

கப்பல்களில் இவ்வளவு வசதிகள் தானாக வந்துவிடவில்லை. வெளிநாட்டுக் கொடியுடன் இயங்கும் கப்பல்களுக்கு அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொருந்துமா என்ற வழக்கில், அமெரிக்கக் கடல் எல்லைக்குள் அது பொருந்தும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2005 ஜூன் மாதம் தீர்ப்பளித்தது. 'ஸ்பெக்டர் எதிர் நார்வேஜியன் குரூஸ் லைன்' என்ற அந்த வழக்கு, கப்பலின் கட்டமைப்பையே நிரந்தரமாக மாற்றும் கடமைக்குச் சில வரம்புகளை விதித்தது. எனினும், பாகுபாடு காட்டுதல் குற்றம் என்பதை உறுதி செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 எண் ஒழுங்குமுறை 2012 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. ஒன்றியத்தின் துறைமுகத்தில் ஏறும் பயணிக்கு, உடல் குறைபாட்டைக் காரணம் காட்டிப் பயணச்சீட்டு மறுக்க அது தடை விதிக்கிறது. பாதுகாப்பு போன்ற குறிப்பிட்ட சில காரணங்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு.

இச்சட்டங்களின் கை கப்பலின் கதவு வரை நீளும். கதவுக்கு வெளியே இருக்கும் ஊரை அவை மாற்ற இயலாது.

கதவுக்கும் கரைக்கும் இடையே

கப்பல் துறைமுகத்திற்கு வரும் முறை இரண்டு. ஒன்று, துறைமேடையை ஒட்டி நிற்பது. அப்போது கப்பலின் கதவிலிருந்து தரைக்கு 'கேங்வே' எனப்படும் நடைபாலம் போடப்படும். மற்றொன்று, துறைமேடைக்கு வர இயலாத ஊர்களில் சற்றுத் தொலைவில் நங்கூரமிட்டு நிற்பது. அப்போது பயணிகளைச் சிறு படகுகளில் ஏற்றிக் கரைக்கு அனுப்புவர். இப்படகுகளை 'டெண்டர்' என்பர்.

நடைபாலத்தின் சரிவு ஒரே அளவில் நிற்பதில்லை. கடல் நீர்மட்டம் உயரும்போது கப்பலும் உயர்கிறது; பாலம் செங்குத்தாகிறது. சென்னை, கொச்சி போன்ற துறைமுகங்களில் நீர்மட்ட ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவே. மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது 4 மீட்டரையும் தாண்டும். காலையில் எளிதாக இறங்கிய பாலம் மாலையில் ஏற முடியாத மேடாக மாறியிருக்கக் கூடும். சாய்தளத்தின் சரிவு 12-க்கு 1 என்ற அளவைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான விதி. அதாவது, ஒரு மீட்டர் உயரத்திற்கு 12 மீட்டர் நீளம் வேண்டும். கப்பலின் கதவு தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் 36 மீட்டர் நீளப் பாலம் தேவை. நடைமுறையில் எந்தக் கப்பலும் அவ்வளவு நீளத்திற்குப் பாலம் போடுவதில்லை. எனவே, பணியாளர் இருவர் முன்னும் பின்னும் பிடித்து நாற்காலியை இறக்குவதே வழக்கமாக இருக்கிறது.

சிறு படகு என்றால் நிலைமை இன்னும் கடுமையாகும். ஆடும் கப்பலிலிருந்து ஆடும் படகுக்கு மாற வேண்டும். பல நிறுவனங்களின் விதிப்படி, மடக்கக்கூடிய சாதாரண நாற்காலியை மட்டுமே படகில் ஏற்ற முடியும். பயணி தாமாகச் சில அடிகள் எடுத்து வைக்க வேண்டும். 100 கிலோவைத் தாண்டும் பேட்டரி நாற்காலிகளுக்குப் படகில் இடமில்லை. அலை அதிகமாக இருந்தால், அன்று காலை வரை 'இறங்கலாம்' என்றிருந்த அனுமதி கடைசி நிமிடத்தில் மறுக்கப்படும். லட்சத்தீவுக்குச் செல்லும் கப்பல்கள் பல தீவுகளில் பவளப்பாறைத் திட்டுக்கு வெளியே நின்று, நடுக்கடலிலேயே பயணிகளைப் படகுக்கு மாற்றுகின்றன. கிரேக்கத்தின் சாந்தோரினித் தீவில் படகிலிருந்து இறங்கியதும் குன்றின் மேலுள்ள ஊருக்குச் செல்ல 580-க்கும் மேற்பட்ட படிகளோ கம்பிவட ஊர்தியோதான் வழி.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு புதுச்சேரி. 2025 ஜூலையில் அங்கு வந்த கார்டெலியா நிறுவனத்தின் சொகுசு கப்பல் கடலில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகள் சிறு படகுகளில் கரைக்கு அழைத்து வரப்பட்டனர். புதுச்சேரியின் கடற்கரைச் சாலையோ, தென்னிந்தியாவில் சக்கர நாற்காலியில் உலா வர மிகவும் உகந்த இடங்களுள் ஒன்று. சாலை சமதளமானது. மாலை 6 மணி முதல் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், பிரெஞ்சுக் குடியிருப்பின் நேர்த்தெருக்கள் ஆகியவை படி ஏறாமலேயே பார்க்கக் கூடியவை. பார்க்க வேண்டிய இடத்தில் தடையே இல்லை; அதைச் சென்றடையும் கடைசி ஓரிரு கிலோமீட்டர் கடலில்தான் தடை முழுவதும் இருக்கிறது.

மங்களூருவில் தலைகீழ்

கர்நாடகத்தின் ஒரே பெருந்துறைமுகமான புதிய மங்களூருவில் நிலைமை நேர்மாறானது. குளிர்காலத்தில் வரும் வெளிநாட்டுச் சொகுசு கப்பல்கள் அங்கு துறைமேடையை ஒட்டியே நிற்கின்றன. படகுச் சிக்கல் இல்லை. ஆனால், வழக்கமாகப் பயணிகளை அழைத்துச் செல்லும் இடங்களைப் பாருங்கள். கார்கலாவின் 42 அடி உயர கோமடேஸ்வரர் சிலை 1432-ல் ஒரு பாறைக் குன்றின் உச்சியில் நிறுவப்பட்டது. அக்குன்றில் ஏறப் பாறையிலேயே படிகள் வெட்டப்பட்டுள்ளன. மூடபித்ரியின் ஆயிரங்கால் சமணக் கோயில் கல் படிக்கட்டுகளின் மேல் அமைந்தது. இவை சக்கர நாற்காலியை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை அல்ல என்பதில் வியப்பில்லை. அவற்றின் குற்றமும் அன்று.

இத்தகைய ஊரில் திட்டத்தை மாற்றுவதே அறிவுடைமை. இத்தாலியக் கலைஞர் அந்தோனியோ மொஸ்கேனியின் ஓவியங்கள் சுவரையும் கூரையையும் நிறைத்திருக்கும் புனித அலோசியஸ் சிற்றாலயம், சந்தை, கடற்கரை எனத் தொலைவும் ஏற்றமும் குறைந்த இடங்களைத் தேர்ந்தெடுக்கலாம். வாடகைக் காரை முன்பதிவு செய்யும்போது சிறிய விவரம் ஒன்றைக் கேட்டுக்கொள்வது நல்லது. இன்று பல வாடகைக் கார்களின் பின்பெட்டியில் சி.என்.ஜி. உருளை பொருத்தப்பட்டுள்ளது, மடக்கிய நாற்காலியை அங்கு வைக்க இடமிருக்காது. பெங்களூருவில் சக்கர நாற்காலியுடன் வண்டி பிடித்துப் பழகியவர்கள் இதை நன்கு அறிவர்.

கொச்சி காட்டும் வழி

இந்தியத் துறைமுகங்களில் சக்கர நாற்காலிப் பயணிக்கு அதிக நம்பிக்கை தரும் ஊர் கொச்சி என்றே கூறலாம். வில்லிங்டன் தீவிலுள்ள எர்ணாகுளம் துறைமேடையில் ரூ.25.72 கோடியில் கட்டப்பட்ட 'சாகரிகா' பன்னாட்டுப் பயணியர் முனையத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2021 பிப்ரவரி 14 அன்று தொடங்கி வைத்தார். கப்பல் மேடையை ஒட்டி நிற்கிறது. நீர்மட்ட வேறுபாடும் குறைவு.

எனினும், கொச்சியின் உண்மையான வலிமை முனையத்தில் இல்லை, நகரின் உள்நீர் வழிகளில் இருக்கிறது. 2023 ஏப்ரல் 25 அன்று தொடங்கப்பட்ட கொச்சி நீர்வழி மெட்ரோவின் மின்கலப் படகுகளைக் கொச்சி கப்பல் கட்டும் தளம் வடிவமைத்துக் கட்டியது. அதன் துறைகள் மிதவை மேடைகளாக அமைந்துள்ளன. நீர்மட்டம் உயர்ந்தால் மேடையும் உயரும். தாழ்ந்தால் மேடையும் தாழும். எனவே, படகின் தளமும் மேடையின் தளமும் எப்போதும் ஒரே மட்டத்தில் இருக்கும். நாற்காலியை எவரும் தூக்க வேண்டியதில்லை, உருட்டிக்கொண்டு போகலாம். கப்பலின் நடைபாலத்தில் நாம் கண்ட ஏற்ற இறக்கச் சிக்கலுக்கு இங்கு எளிய பொறியியல் விடை கிடைத்திருக்கிறது. உயர் நீதிமன்றத் துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு 2024 ஏப்ரலில் சேவை தொடங்கியது. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரி, வில்லிங்டன் தீவு முனையங்களும் திறக்கப்பட்டன. சொகுசு கப்பல் வந்து நிற்கும் அதே தீவில் தடையற்ற படகுத்துறை ஒன்று இருப்பது சிறிய செய்தியன்று.

ஃபோர்ட் கொச்சியில் சீன வலைகளைக் கடலோர நடைபாதையிலிருந்தே பார்க்கலாம். 1524-ல் மறைந்த வாஸ்கோ ட காமாவின் உடல் முதலில் அடக்கம் செய்யப்பட்ட புனித பிரான்சிஸ் தேவாலயம் அருகில்தான் உள்ளது. அவரது எச்சங்கள் 1539-ல் லிஸ்பனுக்குக் கொண்டு செல்லப்பட்டன. மட்டாஞ்சேரி அரண்மனையில்தான் ஏமாற்றம் காத்திருக்கிறது. புகழ்பெற்ற ராமாயணச் சுவரோவியங்கள் மாடியில் உள்ளன. அங்குச் செல்லும் வழி படிக்கட்டு. ஒரே நகரில், ஒரே நாளில், புதிதாகக் கட்டியது கதவைத் திறந்து வைக்கிறது, பழையது மூடிக்கொள்கிறது. பழைய கட்டடத்தைச் சிதைக்காமல் மாடியின் ஓவியங்களைத் தரைத்தளத்தில் திரையிட்டுக் காட்டுவது போன்ற மாற்று வழிகள் உலகின் பல அருங்காட்சியகங்களில் வழக்கத்தில் உள்ளன.

சென்னையும் மாமல்லபுரமும்

சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டெலியாவின் 'எம்பிரஸ்' கப்பலை 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்குச் சென்றது. பெங்களூருவின் தமிழ்ப் பயணிகளுக்கு மிகவும் எட்டக்கூடிய கடல் பயணம் சென்னையிலிருந்து தொடங்குவதே.

அங்குச் சென்று சேர்வதும் பயணத்தின் ஒரு பகுதி. மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களின் முனையில் மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டி இணைக்கப்படுகிறது. அதன் வாயிலும் கழிப்பறையும் அகலமானவை. வந்தே பாரத் ரயில்களில் முதல், கடைசிப் பெட்டிகளில் சக்கர நாற்காலியை நிறுத்த இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. இரண்டிலும் பெட்டி நடைமேடையின் கோடியில் நிற்கும் என்பதால் முன்கூட்டியே அவ்விடம் சென்றுவிட வேண்டும்.

சென்னைக்குக் கப்பலில் வந்து இறங்குபவர்கள் காணத்தக்கதும் ஒன்றுண்டு. மெரினா கடற்கரையில் மணலைத் தாண்டி அலையருகே செல்வது சக்கர நாற்காலிப் பயனாளிகளுக்குப் பன்னெடுங்காலம் கைகூடாத ஆசையாக இருந்தது. டிசம்பர் 3 உலக மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போடப்படும், பிறகு அகற்றப்படும். மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளின் தொடர் கோரிக்கைக்குப் பின், சென்னை மாநகராட்சி ரூ.1.14 கோடியில், 263 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட நிரந்தர மரப்பாதையை அமைத்தது. 2022 நவம்பர் 27 அன்று அது திறக்கப்பட்டது. இரண்டு வாரங்கள்கூட ஆகவில்லை. டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே கரை கடந்த மாண்டஸ் புயலின் அலைகளில் பாதையின் கடலோரப் பகுதி சிதைந்தது. பின்னர் சீரமைக்கப்பட்டது. பெசன்ட் நகர் கடற்கரையிலும் இத்தகைய பாதை வந்துள்ளது. துறைமுகத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், எவர் உதவியும் இன்றி வங்கக் கடலின் அலையருகே சென்று அமரக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. கப்பல் நிறுவனங்களின் கரைச் சுற்றுலாப் பட்டியல்களில் இது முதலிடம் பெறத் தகுதியானது.

மாமல்லபுரம் சென்னையிலிருந்து 60 கி.மீ. அளவில் உள்ளது. அங்கு அனைத்தையும் பார்த்துவிட முயல்வது தவறு. அர்ச்சுனன் தபசு சாலையோரத்திலேயே உள்ளது. நாற்காலியை விட்டு இறங்காமல் அதன் முன் எவ்வளவு நேரமும் செலவிடலாம். கடற்கரைக் கோயிலின் வெளிவளாகத்தில் நடைபாதை உண்டு, கருவறைப் பகுதிக்குப் படிகள். ஐந்து ரதங்களைச் சுற்றிலும் மணல், சக்கரம் புதையும். இந்த மூன்று வரிகளை ஒரு சுற்றுலா வழிகாட்டி முன்பே சொல்லிவிட்டால், பயணி தமது அரை நாளை வீணாக்காமல் திட்டமிடுவார். பெரும்பாலான விளம்பரங்களில் இடம்பெறுவதோ 'பகுதியளவு வசதி உண்டு' என்ற ஒற்றை வரி மட்டுமே.

நகரப் போக்குவரத்தில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீண்டகாலம் நடந்த வழக்கின் தொடர்ச்சியாக, 2024 ஆகஸ்டு முதல் மாநகரப் போக்குவரத்துக் கழகம் தாழ்தளப் பேருந்துகளை இயக்கி வருகிறது. பழைய பேருந்துகளின் தளம் தரையிலிருந்து 90 செ.மீ. வரை உயரமுடையது, தாழ்தளப் பேருந்தில் ஏறத்தாழ 40 செ.மீ. மட்டுமே. அதிலுள்ள சாய்பலகையை விரித்தால் நாற்காலியுடன் ஏறலாம். மெட்ரோ ரயில் நிலையங்களில் மின்தூக்கிகள் உள்ளன.

'தூக்கிவிடலாம்' என்ற பதில்

இந்தியச் சுற்றுலாத் தலங்களில் சக்கர நாற்காலிப் பயணிக்கு அடிக்கடி கிடைக்கும் பதில், 'நாலு பேர் இருக்கிறோம், தூக்கிவிடலாம்' என்பது. சொல்பவரின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. மும்பை எலிபெண்டா குகைகளுக்குச் செல்லும் 120 படிகளில் கூலிக்கு டோலி தூக்குபவர்கள் இன்றும் உண்டு. ஆனால், அறிமுகமில்லாதவர்களின் கைகளில் உடலை ஒப்படைப்பது எவ்வளவு கூச்சமானது, தவறிப் பிடித்தால் முதுகெலும்புக் காயமுற்றவருக்கு எவ்வளவு ஆபத்தானது என்பதைத் தூக்கப்படுபவர் மட்டுமே அறிவார். பெண்களுக்கு இது இன்னும் கடினம். தூக்கிச் செல்வதை உதவி எனலாம். வசதி என்று கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது.

இதைவிடவும் பேசப்படாத ஒன்று கழிப்பறை. கரைச் சுற்றுலா பொதுவாக ஐந்து அல்லது ஆறு மணி நேரம் நீளும். கப்பலில் நாற்காலி நுழையும் கழிப்பறை உண்டு, வழியில் இல்லை. முந்தைய இரவு முதலே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு ஊர் பார்க்கச் செல்வது பல மாற்றுத்திறனாளிகளின் வழக்கம். வெயிலில் அது உடலுக்குத் தீங்கானது. சிறுநீர்ப்பைச் சிக்கல் உடையவர்களுக்கு நோய்த்தொற்றாக முடியும். ஒரு தலத்தைப் பார்ப்பதா வேண்டாமா என்பதை அதன் அழகு தீர்மானிப்பதில்லை, அருகில் 90 செ.மீ. அகலக் கதவுள்ள கழிப்பறை ஒன்று இருக்கிறதா என்பதே தீர்மானிக்கிறது. நட்சத்திர விடுதிகளிலும் விமான நிலையங்களிலும் இவ்வசதி இருப்பதால், அனுபவம் மிக்க பயணிகள் முதலில் கழிப்பறைகளைக் குறித்துக்கொண்டு, பிறகு அவற்றுக்கு இடையே பார்க்கக்கூடிய இடங்களைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

சட்டம் சொல்வது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 41-வது பிரிவு பேருந்து நிறுத்தங்கள், ரயில் நிலையங்கள், விமான நிலையங்கள் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. துறைமுகம் அப்பட்டியலில் இல்லை. எனினும், அனைத்துப் போக்குவரத்து வகைகளும் அணுகத்தக்கனவாக இருக்க வேண்டும் என்று அதே பிரிவு தொடர்ந்து கூறுகிறது. பொதுக் கட்டடம் என்ற முறையில் பயணியர் முனையமும் சட்டத்திற்குள் வரும். ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை மாற்றியமைக்க 45-வது பிரிவு ஐந்து ஆண்டு அவகாசம் அளித்தது. 2017 ஜூனில் விதிகள் அறிவிக்கப்பட்டதைக் கணக்கிட்டால், அந்த அவகாசம் 2022-லேயே முடிந்துவிட்டது.

இதில் திருப்புமுனை, ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. 2005-ல் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கு அது. கட்டடங்கள், போக்குவரத்து ஆகியவற்றின் தரநிலைகளைக் கூறும் 2017 விதிகளின் 15(1) விதி, வெறும் பரிந்துரைகளையே தொகுத்து வைத்திருப்பதால் தாய்ச்சட்டத்திற்கு முரணானது என்று அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு கூறியது. கட்டாயம் பின்பற்ற வேண்டிய விதிகளைத் தனியே பிரித்து மூன்று மாதங்களில் வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அவை கட்டாயமாகும்போது, மீறும் கட்டடத்திற்கு நிறைவுச் சான்றிதழை நிறுத்தி வைக்கவும், 89-வது பிரிவின்கீழ் அபராதம் விதிக்கவும் வழி பிறக்கிறது. முதல் மீறலுக்கு ரூ.10,000 வரையிலும், தொடர்ந்தால் ரூ.50,000 முதல் ரூ.5 லட்சம் வரையிலும் அபராதம் உண்டு. பல கோடியில் முனையம் கட்டுவோருக்கு இத்தொகை பெரிதன்று. நிறைவுச் சான்றிதழ் பெரிது.

பயண நிறுவனங்களின் பொறுப்பைப் பொறுத்தவரை, ஜீஜா கோஷ் வழக்கு நினைவுகூரத்தக்கது. பெருமூளை வாதம் கொண்ட அவரை 2012-ல் விமானம் ஒன்றிலிருந்து இறக்கிவிட்டனர். 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு ரூ.10 லட்சம் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அது வான்வழிப் பயண வழக்குதான். எனினும், மாற்றுத்திறனாளியின் கண்ணியம் குறித்து நீதிமன்றம் கூறியவை கடல்வழிப் பயணத்திற்கும் பொருந்துவனவே.

வெளிநாட்டுக் கப்பல் பயணம் என்றால் பெங்களூரு, சென்னைவாசிகள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது சிங்கப்பூரைத்தான். அங்கு 2020 இறுதி முதல் பொதுப் பேருந்துகள் அனைத்தும் சக்கர நாற்காலி ஏறத்தக்கவை. மெட்ரோ நிலையங்களில் மின்தூக்கிகள் உண்டு. ஆகவே, கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவை நம்பியிருக்கத் தேவையில்லை. அக்கப்பல்கள் சில சென்று நிற்கும் பினாங்கில் துறைமேடை ஜார்ஜ் டவுன் நகரை ஒட்டியே உள்ளது. லிட்டில் இந்தியா மிக அருகில். ஆனால், கடைகளின் முன்னுள்ள 'ஐந்தடி நடைபாதை' கடைக்குக் கடை உயரம் மாறுவதால், நாற்காலியைச் சாலையோரமாகவே உருட்டிச் செல்ல நேரிடும்.

முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டியவை

பயணச்சீட்டு வாங்கும் முன் கப்பல் நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்கத்தக்க கேள்விகள் சில உள்ளன. பயணத்தில் வரும் ஒவ்வொரு துறைமுகத்திலும் கப்பல் மேடையை ஒட்டி நிற்குமா, நங்கூரமிடுமா என்பதே முதற்கேள்வி. நங்கூரமிடும் எனில், தமது நாற்காலியின் எடையையும் அகலத்தையும் குறிப்பிட்டு, படகில் ஏற்ற முடியுமா எனக் கேட்க வேண்டும். சுற்றுலாப் பேருந்தில் ஏற்றுத்தூக்கி உண்டா, இல்லையெனில் தனிக் கார் ஏற்பாடு செய்தால் கூடுதல் கட்டணம் எவ்வளவு என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். 'மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி உண்டு' என்ற பொதுப்பதிலை ஏற்காமல், படிகளின் எண்ணிக்கையையும் கதவின் அளவையும் எண்ணாகவே கேட்பது நல்லது.

நேரக் கணக்கும் முக்கியம். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். தாமாக ஏற்பாடு செய்துகொண்ட பயணிக்காகக் காத்திருக்காது. காரில் ஏறி இறங்கவும் நாற்காலியை மடக்கி விரிக்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்து, புறப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பே துறைமுக வாயிலுக்குத் திரும்புவது பாதுகாப்பானது. துறைமுக வளாகத்தில் பாதுகாப்புச் சோதனைக்குப் பின் முனையம் வரை செல்லும் வாகனத்தில் நாற்காலி ஏறுமா என்பதையும் முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

தடைகளை எதிர்கொள்பவர்கள், அவ்விடத்தின் புகைப்படத்துடன் மத்திய அரசின் 'சுகம்ய பாரத்' செயலியில் புகார் பதிவு செய்யலாம். 2021 மார்ச் மாதம் அது அறிமுகமானது. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் நேரடியாக மனு அளிக்கலாம். ஆணையருக்கு ஆட்களை வரவழைத்து விசாரிக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் உரிமையியல் நீதிமன்றத்திற்குரிய அதிகாரங்கள் உண்டு. புகாரில் துறைமுகத்தின் பெயர், தேதி, கப்பல் நின்ற மேடை, தடையாக இருந்த படியின் உயரம் ஆகியவற்றைக் குறிப்பிட்டால் விசாரணை எளிதாகும்.